மழலையர் வகுப்புக்குப் பருவகாலத் தீம்: முதல்முறை திட்டமிடுபவர்களுக்கு

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பருவகாலத் தீம் ஒன்றைத் திட்டமிடச் சொன்னால், புதிதாக வந்தவர்கள் முதலில் படங்களைத் தேடுவார்கள். குடை, மேகம், கண்ணும் வாயும் வைத்த சூரியன். அச்செடுத்து, வெட்டி, ஒட்டிச் சுவரை நிரப்பியதும் தீம் தயார் என்று தோன்றிவிடும். அதில் கை வேலை செய்தவர் டீச்சர் ஒருவர்தான். குழந்தைக்கு மழை என்பது நனைவது, வழுக்குவது, மண் வாசனை, கூரையில் விழும் சத்தம். இவற்றில் எதுவும் சுவரில் இல்லை என்றால் தீமில் மழை இல்லை.

இந்தக் கட்டுரை தலைகீழாகத் தொடங்குகிறது: முதலில் கையால் தொடக்கூடிய பொருள், அடுத்து கேள்வி, அலங்காரம் கடைசியில். வகுப்பில் இருக்கும் டீச்சருக்கும், வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் இதே முறை பொருந்தும்.

தீமை எங்கிருந்து எடுப்பது

ஆண்டுத் திட்டத்தில் அந்த மாதத்துக்கு எதை எழுதியிருந்தாலும், ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதோ அதை எடுங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்தால், பனியையே பார்த்திராத குழந்தைக்கு அது வெறும் பஞ்சு. மழை தாமதமானால் மழைத் தீமும் தாமதமாகட்டும். இரண்டு தீம்களை எப்போதும் தயாராக வைத்திருந்தால் இடம் மாற்றுவது எளிது.

ஒரு தீம் தேறுமா என்று பார்க்க மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை அதைத் தொடவோ, முகரவோ, கேட்கவோ முடியுமா? பத்து நாளில் அதில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதாவது நடக்குமா? வகுப்பறைக்கு வெளியே இருபது அடி நடந்தால் அது கிடைக்குமா? "மழை", "நிழல்", "காற்று", "உதிரும் இலை", "முளைக்கும் விதை" ஆகியவை மூன்றிலும் தேறும். "நான்கு பருவங்கள்" தேறாது. ஒரு பருவத்துக்குள் நிற்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு மற்ற மூன்றும் வெறும் சொற்கள். பருவங்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்க வைப்பதில் நேரம் செலவிடாதீர்கள்.

தீமைத் தேர்ந்த பிறகு அதை ஒரே கேள்வியாக மாற்றுங்கள். மழை என்றால், "பெய்த தண்ணீர் எங்கே போகிறது?" வெயில் என்றால், "என் நிழல் ஏன் குட்டையாகிறது?" விதை என்றால், "முதலில் வெளியே வருவது வேரா, இலையா?" கேள்வி கையில் இருந்தால் எந்த ஆக்டிவிட்டியை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தானாகத் தெரியும். குடை வடிவத்தில் நிறம் தீட்டும் தாள் முதல் கேள்விக்கு எந்த வகையிலும் உதவாது. தள்ளிவிடலாம்.

இரண்டு வாரம், நான்கு ஆக்டிவிட்டி

ஒரு தீமுக்குப் பத்து வகுப்பு நாட்கள் வையுங்கள். ஒரு வாரம் போதாது. முதல் நாளில் குழந்தை பொருளைப் பார்த்துப் பழகும், இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அதை வைத்துத் தானாக ஏதாவது செய்யத் தொடங்கும். அதற்குள் தீம் முடிந்துவிட்டால் பழகியது வீண்.

பத்து நாளுக்கு நான்கு ஆக்டிவிட்டி போதும். பத்து வேண்டாம். ஒன்றையே மூன்று நான்கு முறை திரும்ப வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி. தண்ணீர்த் தொட்டியில் முதல் நாள் கிண்ணங்கள் மட்டும், அடுத்த முறை புனல், அதற்கடுத்து ஓட்டை போட்ட பாட்டில். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, குழந்தைக்குச் சலித்துவிடும் என்று பயந்து தினமும் புதிதாக ஒன்றைக் கொண்டு வருவது. சலிப்பு அநேகமாகப் பெரியவர்களுக்குத்தான் வருகிறது.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம்:

1. முதல் இரண்டு நாள்: வெளியே நடந்து பார்ப்பது, பொறுக்குவது, கேட்பது. கிராஃப்ட் எதுவும் வேண்டாம். குழந்தைகள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "தண்ணி பூமிக்குள்ள தூங்கப் போகுது" என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.
2. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: நான்கு ஆக்டிவிட்டிகளும் சுழற்சியில். காத்திருக்க வேண்டியவற்றை (முளை, இலை அழுத்துதல், மழை அளவு) மூன்றாம் நாளே தொடங்கிவிட வேண்டும். இதை மறந்தால் பத்தாம் நாள் காட்ட ஒன்றும் இருக்காது.
3. எட்டாம், ஒன்பதாம் நாள்: குழந்தைகளுக்கு அதிகம் பிடித்த ஒன்று மட்டும், நீண்ட நேரம்.
4. பத்தாம் நாள்: முதல் நாள் எழுதிய தாளை எடுத்து வாசித்து, "இப்போ என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பது.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், பேராசையும் வேண்டாம். நீங்கள் நடத்தும் குழுவேலை மூன்று வயதுக்கு ஐந்திலிருந்து எட்டு நிமிடம், நான்கு ஐந்து வயதுக்குப் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். தானாகத் தேர்ந்து விளையாடும் நேரம் வேறு கணக்கு. அங்கே ஒரு குழந்தை நாற்பது நிமிடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும், இருக்கட்டும். ஒரு மேசைக்கு நான்கு குழந்தைகள், அதிகபட்சம் ஆறு. இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் பெயின்ட் கொடுத்தால் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். காத்திருக்கும் கைதான் பக்கத்துக் குழந்தையின் தலையில் பெயின்ட் தடவுகிறது.

மழை

மழைத் தீமின் முதுகெலும்பு மழைமானி. ஒரு வகுப்புக்கு ஒன்று போதும்.

பக்கங்கள் நேராக இருக்கும் 1.5 அல்லது 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். இடுப்பு குறுகிய பாட்டில் உதவாது, அளவு தப்பாக வரும். மேலிருந்து சுமார் 10 செ.மீ. கீழே, சாய்வு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கிய இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடியைக் கழற்றித் தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகி, விளிம்பு முழுவதும் டேப் ஒட்டுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் விரலைக் கிழிக்கும், இந்த வேலை பெரியவர்களுடையது. அடியில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். பாட்டிலின் அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால், நேர்ப்பகுதி தொடங்கும் உயரம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் சென்டிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள்.

வைக்கும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது நல்லது. தினமும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, பூஜ்யக் கோடு வரை தண்ணீரைக் கொட்டுங்கள். மழை இல்லாத நாட்களில் முழுவதும் கொட்டி, கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

குழந்தைகளுக்கு மில்லிமீட்டர் தேவையில்லை. நீல நிறத் தாளை 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி வையுங்கள். ஒரு குழந்தை பட்டையைப் பாட்டிலின் மேல் வைத்து, பூஜ்யத்திலிருந்து தண்ணீர் நிற்கும் இடம் வரை அளந்து கத்தரிக்கட்டும். அதைச் சார்ட்டில் அன்றைய நாளுக்கு நேராக ஒட்டுங்கள். மழை இல்லாத நாளில் இடம் காலியாக இருக்கும், அந்தக் காலியும் முக்கியம். ஒரு வாரத்தில் எந்த நாள் அதிகம், எந்த நாள் குறைவு என்று குழந்தைகள் எண்ணே தெரியாமல் படித்துச் சொல்வார்கள். 5 மி.மீ.க்கும் குறைவாகப் பெய்தால் பட்டை கையில் நிற்காது. அன்று ஒரு நீலப் புள்ளி வைத்தால் போதும்.

ஐந்து வயதுக் குழந்தையின் பெற்றோர் யாராவது கேட்டால் சொல்ல ஒரு கணக்கு: 1 மி.மீ. மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர்.

அடுத்தது குட்டை. மழை நின்றபின் சிமென்ட் தரையில் தேங்கிய சின்னக் குட்டையைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை வேறு நிறத்தில் மறுபடி கோடு. உள்ளே உள்ளே சுருங்கும் கோடுகளே பதில். ஈரத் தரையில் சாக்பீஸ் எழுதாது என்பதுதான் இங்கே வரும் சிக்கல். தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, காய்ந்த இடத்தில் போடுங்கள். மழையே பெய்யாவிட்டால் அரை டம்ளர் தண்ணீரை நீங்களே ஊற்றலாம். தரை சமமாக இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்து வையுங்கள், சரிவாக இருந்தால் ஓடிவிடும். அதே அளவு தண்ணீரை மணலிலும் ஊற்றிக் காட்டினால், "காணாமல் போவது" இரண்டு வகை என்று குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.

மழைச் சத்தம் கேட்க, தகரத் தட்டு, மரப்பலகை, துணி விரித்த கிண்ணம் மூன்றையும் வரிசையாக வைத்து மேலிருந்து தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லும் விளையாட்டு, கூச்ச சுபாவமுள்ள குழந்தையையும் பேச வைக்கும்.

வெயில்

நிழல் வரைவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பலருக்குச் சொதப்பும். காரணம், குழந்தை அசையாமல் நிற்காது. மூன்று வயதுக்காரர்களுக்கு மனித நிழல் வேண்டாம். மணல் நிரப்பிய பாட்டிலைத் தரையில் வைத்து, அதன் அடியைச் சுற்றி வட்டம் போட்டு, காலை ஒன்பதுக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்றுக்கும் நிழலை வரையுங்கள். ஐந்து வயதுக்காரர்களை ஜோடியாக விடலாம். ஆனால் முதலில் நிற்பவரின் பாதங்களைச் சுற்றிக் கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் பிற்பகலில் அதே இடத்தில் நிற்க முடியாது. நண்பகலில் நிழல் காலடியில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் "நிழல் போச்சு" என்பார்கள். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாமல் மூன்று மணி வரை பொறுத்திருங்கள். கட்டிட நிழலோ மர நிழலோ பகல் முழுவதும் விழாத இடமா என்று முந்தின நாளே பார்த்து வைப்பது அவசியம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பூதக்கண்ணாடியை வெயிலில் கொடுக்காதீர்கள்.

வெயில் அச்சு இன்னொன்று. மலிவான அடர் நிறத் தாளின் மேல் இலை, சாவி, மூடி போன்றவற்றை வைத்து நேரடி வெயிலில் விட்டால், மூடாத பகுதி வெளிறி, வடிவம் அடர்நிறமாக நிற்கும். நல்ல தரத் தாள் சாயம் போகாது, அதனால் இதற்கு மட்டும் மட்டமான தாளே வேண்டும். கடும் வெயிலில் சில மணி நேரத்தில் தெரியும், மங்கலான நாளில் இரண்டு மூன்று நாள் ஆகும். பொருளைக் காற்று நகர்த்தினால் அச்சு கலங்கிவிடும், கல் வைத்து அழுத்துங்கள்.

ஐஸ் வெயில் நாளின் ராஜா. 300 மி.லி. பிடிக்கும் கிண்ணத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அதன் மேல் பெரிய இலையோ பொம்மையோ வைத்து, மீதித் தண்ணீரை ஊற்றி இரவு முழுவதும் ஃப்ரீசரில் விடுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பொருள் மிதந்து மேலே நின்றுவிடும், உள்ளே சிக்காது. வெளியே எடுத்ததும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உலர்ந்த ஐஸ், ஈர விரலிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்து மேற்பரப்பு நனைந்த பிறகு கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கரண்டி, சொட்டு மருந்துக் குழாய், கொஞ்சம் உப்பு ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்து, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். உப்பைக் கரண்டியால் தூவட்டும், கையால் தேய்க்கக் கூடாது. உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போய்த் தோலைப் புண்ணாக்கும்.

காற்று

காற்றாடி செய்து அது சுற்றாமல் போனால் குழந்தை முகம் வாடிவிடும். அளவுகள் சரியாக இருந்தால் கண்டிப்பாகச் சுற்றும்.

15 செ.மீ. சதுரம், சாதாரணத் தாளைவிடச் சற்றே தடித்த தாள். மூலைக்கு மூலை இரண்டு கோடுகள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் கோட்டின்மேல் 7 செ.மீ. வெட்டுங்கள். நடுவரை வெட்டினால் கிழியும், 5 செ.மீ.யோடு நிறுத்தினால் இதழ் மடங்காது. இப்போது எட்டு முனைகள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு முனைகளை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். மடிப்பை அழுத்தித் தேய்க்காமல் வளைவாகவே விடுங்கள். அந்த வளைவில்தான் காற்று பிடிக்கிறது. குண்டூசியை நடுவில் குத்தி, தாளுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு மணி கோத்து, குச்சியில் செருகுங்கள். கூர்முனை வெளியே வந்தால் வளைத்து டேப்பால் மூடுங்கள்.

சுற்றவில்லையா? ஊசி இறுக்கமாக இருக்கும், துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மணி கோக்க மறந்திருப்பீர்கள், தாள் குச்சியில் உரசும். அல்லது எட்டு முனைகளையும் மடித்திருப்பீர்கள்.

குழந்தையின் பங்கு தாளின் இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டுவதும், முனைகளைப் பிடிப்பதும், ஓடிப் பார்ப்பதும். கெட்டியாகப் பெயின்ட் பூசினால் தாள் நனைந்து தொங்கும், க்ரேயான் போதும். மூன்று வயதுக்கு ஊசி உள்ள பொருளே வேண்டாம். அட்டை வளையத்தில் 20 செ.மீ. ரிப்பன் துண்டுகளைக் கட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் நீளம் வைத்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இலையும் விதையும்

இலை பொறுக்கப் போகும்போது பை கொடுத்தால் பாதிக் குழந்தைகள் பையோடு விளையாடுவார்கள். அகல டேப்பைப் பசை வெளியே தெரியும்படி மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். பொறுக்கியதை அங்கேயே ஒட்டிக்கொண்டு வருவார்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும்.

இலை அச்சுக்குக் காய்ந்த இலை நொறுங்கும். கீழே விழுந்து ஒரு நாளைக்குள் இருக்கும், வளையக்கூடிய இலைதான் வேண்டும். நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து, மெல்லிய தாளால் மூடி, தாளின் நான்கு மூலையையும் மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள். க்ரேயானின் காகிதத்தை உரித்து, படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். முனையால் தேய்த்தால் வரிகள்தான் வரும், இலை வராது. தாள் நகர்ந்தால் இரட்டை உருவம் விழும். மூலையில் டேப் ஒட்டச் சொன்னது அதற்காகத்தான்.

இலையைப் பதப்படுத்த, செய்தித்தாள் நடுவே வைத்துக் கனமான புத்தகங்களின் அடியில் ஏழு முதல் பத்து நாள். முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

விதைக்குப் பச்சைப்பயறு சிறந்த தொடக்கம், ஒன்றிரண்டு நாளில் வேர் எட்டிப் பார்க்கும். பெரிதாகப் பார்க்க அவரை விதை, ஆனால் ஐந்திலிருந்து எட்டு நாள் பொறுக்க வேண்டும். இரவு முழுவதும் ஊறவைத்த விதையை, ஈரப் பஞ்சுக்கும் ஒளிபுகும் டம்ளரின் சுவருக்கும் நடுவே செருகுங்கள். விதை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் இந்த அமைப்பின் நோக்கம். தண்ணீர் பஞ்சை நனைக்கும் அளவு மட்டும். விதை மூழ்கினால் காற்று கிடைக்காமல் அழுகும், இரண்டாம் நாளே நாற்றம் சொல்லிவிடும். குழந்தைகள் அன்பு மிகுதியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். குவளைக்குப் பதில் ஸ்ப்ரே பாட்டில் கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று அமுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று விதை வையுங்கள், எல்லாம் முளைக்காது. யாருக்கும் தெரியாமல் நான்கைந்து டம்ளர்கள் கூடுதலாகவும் போட்டு வையுங்கள். ஒரு டம்ளரைத் தண்ணீரே இல்லாமல் பக்கத்தில் வையுங்கள். ஒன்று இருட்டு அலமாரியில் இருக்கட்டும். அதுவும் முளைத்து, வெளிறி நீண்டு நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அசந்துபோவார்கள். உயரத்தை நூலால் அளந்து, நூலையே நாள்வாரியாக ஒட்டலாம். 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்கில் மழலையர் கல்வி நிலையம் தொடங்கிய ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியையும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்தியையும் வலியுறுத்தினார். டம்ளர் அளவிலும் அந்த ஏற்பாடு வேலை செய்யும். சொந்த விதை வாடிய குழந்தை, பொதுத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுத் தேறிக்கொள்ளும்.

விவசாயத்துக்கென்று விற்கும், நிறம் பூசிய விதைகளில் மருந்து கலந்திருக்கும், வாங்காதீர்கள். பச்சை ராஜ்மாவும் வேண்டாம், வேகவைக்காமல் வாயில் போட்டால் வாந்தி பேதி வரும். குன்றிமணி, ஆமணக்கு விதை, ஊமத்தங்காய் மூன்றும் கடும் நஞ்சு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று எண்ணுவதற்கோ ஒட்டுவதற்கோ எடுக்கக் கூடாது. இலை பொறுக்கும் வழியில் அரளிச் செடி இருந்தால் அந்தப் பாதையை மாற்றிவிடுங்கள்.

எல்லாத் தீமுக்கும் ஒரு விளையாட்டு மாவு

மைதா 2 கப், பொடியுப்பு அரை கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் சுமார் 1 கப். கப் என்பது 240 மி.லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கும் அளவுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் மாவு ஒரு கரண்டி, வெடித்தால் தண்ணீர் ஒரு கரண்டி. ஐந்தாறு குழந்தைகளுக்குப் போதும். நிறத்தைத் தண்ணீரிலேயே கலந்துவிட்டால் திட்டுத்திட்டாக வராது.

மழைக்காலத்தில் மாவு கசியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம், கெட்டுப்போகவில்லை. மாவு தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் வரும். நாற்றமோ புள்ளியோ தெரிந்தால் தயங்காமல் எறியுங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் அந்த மேசை முழுவதற்குமே அரிசி மாவில் செய்யுங்கள். அதில் இழுவை கிடையாது, அடுப்பில் கிளறி வேகவைத்தால்தான் சேர்ந்து நிற்கும். உப்பு அதிகம் உள்ளதால் மாவைத் தின்னும் பழக்கமுள்ள குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். மிச்சத்தை நாய்க்கு எட்டாமல் எறியுங்கள்.

வயதுக்குத் தகுந்த மாற்றம்

ஒரே வகுப்பில் மூன்று வயதும் ஐந்து வயதும் இருந்தால், ஆக்டிவிட்டியை மாற்ற வேண்டாம், கையில் கொடுக்கும் வேலையை மாற்றுங்கள். சிறியவர்கள் தாளைக் கிழிப்பார்கள், கசக்குவார்கள், ஒட்டுவார்கள். நான்கு வயதுக்காரர்கள் 2 செ.மீ. பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்கவும், பிறகு நேர்கோட்டில் வெட்டவும் பழகுவார்கள். ஐந்து வயதுக்காரர்கள் பார்த்ததை வரைந்து பதிவு செய்வார்கள். இடக்கைக் குழந்தைக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் வெட்டாது, கோட்டையும் மறைக்கும். இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றாவது வகுப்பில் இருக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைகளின் வேலையும் ஒரே மாதிரி இருந்தால் எங்கோ டீச்சரின் கை அதிகம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மாதிரி ஒன்றைச் செய்து முன்னால் வைக்காதீர்கள். பொருளைப் பயன்படுத்தும் முறையை மட்டும் காட்டிவிட்டு, அதையும் எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்பு

மூன்று வயதுக்குட்பட்டவர் ஒருவராவது இருந்தால், 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் நுழையும் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. டிஷ்யூ ரோலின் உள் அட்டையைக் கையில் வைத்துச் சோதிக்கலாம். அது இன்னும் சற்று அகலம், அதில் நுழையாதது கண்டிப்பாகத் தேறும். தண்ணீரில் ஊதிப் பெரிதாகும் ஜெல் மணிகளை எந்த வயதுக்கும் கொண்டு வராதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். பலூன் துண்டு, பட்டன் பேட்டரி, சிறு காந்தம், ஸ்டேப்ளர் பின் ஆகியவையும் வகுப்புக்கு வெளியே.

தண்ணீர்த் தொட்டியில் 5 செ.மீ. ஆழம் போதும், ஆனால் அந்த ஆழத்திலும் குழந்தை மூழ்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை ஒரு பெரியவர் அங்கேயே நிற்க வேண்டும், முடிந்த உடனே கொட்டிவிட வேண்டும். மண்ணும் இலையும் தொட்ட பிறகு சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும். புதிய பொருள் எதையும் கொண்டுவருமுன் ஒவ்வாமைப் பட்டியலைப் பாருங்கள். காலி டப்பாக்களிலும் வேர்க்கடலை, பால் ஒட்டியிருக்கும்.

முந்தின நாள் செய்ய வேண்டியது

நாளை நடக்கப்போவதை இன்றே, அதே பசையிலும் அதே தாளிலும் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். காயும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி, மேசைக்கு எத்தனை பேரோ அத்தனை தட்டுடன் கூடுதலாக ஒன்று. பசையைப் பாட்டிலோடு வைக்காமல், மூடியில் ஒரு கரண்டி ஊற்றிப் பஞ்சுக்குச்சியோடு கொடுங்கள். ஈரத்துணியும் குப்பைக் கூடையும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், துடைப்பதும் எறிவதும் அவர்களே செய்வார்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் நேரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீம் ஓடும்போது சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கட்டும். யார் எதில் நீண்ட நேரம் நின்றார், என்ன கேட்டார், எந்தப் பொருள் தீர்ந்துபோனது என்று ஒரு வரி. பத்தாம் நாள் அந்த நோட்டையும், மிஞ்சிய பொருட்களையும், சுவரிலிருந்து எடுத்த தாளையும் ஒரே பெட்டியில் போட்டுத் தீமின் பெயரை எழுதி வையுங்கள். தண்ணீர்ப் பொருட்களை முழுதாகக் காய வைத்து, மழைமானியின் டேப்பை உரித்து, புனலைத் தனியே கழுவி வைத்தால் அடுத்த மழைக்கு அதே பாட்டில் உதவும்.